கரிசல் சஃபாரி: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத் தம்பதியர் வனவிலங்குகளைச் சந்திக்கும் முறை குறித்து ஓர் ஆய்வு

கல்யாண நாளுக்குக் கென்யா போய், மசாய் மாராவில் சிங்கம் பார்த்துத் திரும்பிய தம்பதியரின் படங்கள் அருப்புக்கோட்டைக் கைப்பேசிகள் வரை வந்து சேர்கின்றன. அவற்றைக் கூர்ந்து நோக்கியதில் இவ்வாய்வின் கருதுகோள் பிறந்தது. சிங்கத்துக்குப் பின்னால் நிற்பது நம்ம குடைவேல மரம்.

தாவரவியலார் மறுப்பர். ஆப்பிரிக்க மரம் வேறு இனம். நம்முடையது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. ஆயினும் அடியில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கிக்கோ வெள்ளாட்டுக்கோ இவ்வேறுபாடு தெரிந்ததாகச் சான்றில்லை. தட்டை நிலம், காய்ந்த புல், மேலே முள்குடை. சஃபாரிக்கு வேறென்ன வேண்டும்?

வாகனம் வேண்டும். அங்கே கூரை திறக்கும் ஜீப்; இங்கே கூரை என்ற சிந்தனையே இல்லாத டிவிஎஸ் எக்ஸெல். கணவர் முன்னால், மனைவி தூக்குவாளியுடன் பின்னால். கென்யாவுக்குப் போகிறவர் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது பத்து நாள் முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். திருச்சுழிப் பக்கம் ஊசி எப்போதும் கடிபட்ட பிறகுதான்.

ஆப்பிரிக்காவின் ஐம்பெரும் விலங்குகள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. நடந்துபோய் வேட்டையாட ஆபத்தானவை என்று அந்தக்கால வேட்டைக்காரர்கள் வகுத்த பட்டியல் அது. கரிசல் பட்டியலில் மயில், காட்டுப்பன்றி, புள்ளிமான், உடும்பு ஆகியவை போட்டியின்றித் தேர்வாயின. ஐந்தாமிடத்துக்குக் குள்ளநரியை முன்மொழிந்தோம். சமீபத்தில் கண்டவர் எவரும் அகப்படாததால், எக்ஸெல்லைத் துரத்தும் தெருநாய்க்கு அவ்விடம் வழங்கப்பட்டது. செரங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கான காட்டுமான்கள் மாராவுக்கு இடம்பெயர்வதை உலக அதிசயம் என்கிறார்கள். இராமநாதபுரத்துக் கீதாரியின் கிடை ஆடுகள் ரோட்டைக் கடக்கும்போது நாம் ஹாரன் அடிக்கிறோம்.

அடிப்படை வேறுபாடு கட்டணத்தில் உள்ளது. மாராவில் விலங்கைப் பார்க்க மனிதர் பணம் கட்டுகிறார். இங்கே விலங்கு வந்து வெள்ளாமையைப் பார்த்துவிட்டுப் போகிறது. செலவு அப்போதும் மனிதருக்கே. விதைத்த பயறை மயில் பொறுக்கும். 1963 முதல் அது தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் உண்டு. கையைத் தட்டலாம், அவ்வளவே. பன்றி விஷயத்தில் அரசு சற்று இறங்கிவந்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையினர் சுடலாம் என 2025 ஜனவரியில் அறிவித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கூடாது. இடைப்பட்டதைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மைல்கல்லைப் பன்றிகள் வாசிக்கின்றனவா என்பது தனி ஆய்வுக்குரியது.

அதுவரை மக்காச்சோளத்தைக் காப்பது சேலை. கம்பு நட்டு, புஞ்சையைச் சுற்றிப் பழைய சேலைகளை இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் அசைந்தால் ஆள் நிற்பதாகப் பன்றி மிரளும் என்பது நம்பிக்கை. களப்பணியில் ஒரு தம்பதியைப் பின்தொடர்ந்தோம். வடக்கு ஓரத்தில் எக்ஸெல் நின்றது.

“ஏங்க, அந்தா செவப்பா கெடக்கே, அது என் வளைகாப்புச் சேலைல்ல?”

“செவப்பக் கண்டாத்தான் பன்னி மெரளுமாம் புள்ள.”

பன்றியின் கண்ணுக்குச் சிவப்பு எடுபடாது என்பது விலங்கியல். அதைச் சொல்லி ஆய்வைக் கெடுக்க விரும்பவில்லை. மாராவில் விலங்கருகே வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. இங்கு இல்லாததால் அந்த அம்மாள் இறங்கினார். சேலையை அவிழ்த்து உதறி மடித்தார். அந்த இடைவெளியில் நாளைக்கு அவருடைய கல்யாணப் பட்டு வேட்டி ஏறும் என்றார். கணவரின் எதிர்வினை பதிவாகிவிட்டது. பன்றியினுடையது இனிமேல்தான்.