இரண்டாம் சனிக்கிழமை அண்ணாச்சி

இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை என்பது 2015-இல் வந்தது. விருதுநகரில் எங்கள் தெருவில் இருக்கும் வங்கிக்கார அண்ணாச்சி ஒருவர் அன்று ஓய்வெடுக்க ஆரம்பித்தார். அவர் ஓய்வெடுக்கிற நாளில் அந்த வீட்டில் வேறு யாரும் உட்கார முடியாது.

"தம்பி, ரெண்டு நாளைக்கு நம்மள யாரும் கூப்பிடக் கூடாது. பூரண ஓய்வு" என்று காலை ஆறு மணிக்குத் திண்ணையிலிருந்து அறிவிப்பார். தெருக்கோடி வரை கேட்கும். அதற்குள் இரண்டு காபி ஆகியிருக்கும். மூன்றாவது காபியைக் கொண்டுவந்து வைக்கிற மதினிக்கு ஓய்வு எந்தச் சனிக்கிழமை என்பது பற்றிச் சுற்றறிக்கை எதுவும் வந்ததில்லை.

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் சிக்கல். ஆவணியில் மகள் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சமையல் மாஸ்டர் வருகிறார். அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி: எத்தனை இலை?

அண்ணாச்சியோ சனிக்கிழமை காலை தபால்தலை ஆல்பத்தோடு உட்கார்ந்துவிட்டார். 1947-இல் தேசியக் கொடி போட்டு வந்த மூன்றரை அணா தபால்தலை ஒன்று அவரிடம் இருக்கிறது. இடுக்கியால் எடுத்துக் காட்டுவார். நாம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டும், விசிறியை நிறுத்திவிடுவார். 1976-இல் வந்த காமராஜர் தபால்தலை மட்டும் ஐந்து. "25 காசு. இன்னைக்கு என்ன விலை தெரியுமா?" என்பார். தெரியாது என்றால் அவரும் சொல்ல மாட்டார்.

கல்யாண வேலையில் அவர் பங்களிப்பும் இந்த வழியாகத்தான் வந்தது. பணம் கட்டினால் நம் படத்தையே போட்டு அஞ்சல் துறை தபால்தலை அடித்துத் தரும். ஒரு தாளில் 12 தலை, 300 ரூபாய். பொண்ணு மாப்பிள்ளை படம் போட்டு எல்லாப் பத்திரிகையிலும் ஒட்டலாம் என்றார். 640 பத்திரிகைக்கு 54 தாள், 16,200 ரூபாய் என்று மகள் போனில் தட்டிக் காட்டினாள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா? அவரை நிறுத்தியது அவளுடைய அடுத்த வார்த்தை.

"அப்பா, ஊர் ஊரா எங்க மூஞ்சி மேல முத்திரை குத்துவாங்க."

ஆல்பம் மூடப்பட்டது. அந்த இடைவெளியில் மதினி பழைய மொய் நோட்டு மூன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். தங்கச்சி கல்யாணம், சொந்தக் கல்யாணம், மகள் காதுகுத்து. பழுப்பேறிய நீள நோட்டுகள். பெயர், ஊர், தொகை. 'அல்லம்பட்டி - 51' என்று ஒரு வரி. அந்த 51 இன்று என்னவாக வளர்ந்து திரும்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வங்கியில் முப்பது வருஷம் வட்டி போட்டவருக்கு மட்டும் தெரியவில்லை.

ஆனால் நோட்டைக் கண்டதும் அண்ணாச்சிக்கு வேறொன்று தெரிந்தது. "இது வாக்காளர் பட்டியல், தம்பி!"

அவ்வளவுதான். 1967-க்குப் போய்விட்டார். எங்கள் ஊர்க்காரர் எவரும் பேச்சில் அங்கே போகாமல் இருக்க முடியாது. முதலமைச்சராக இருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட காமராஜரை, சொந்த ஊரிலேயே சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 ஓட்டில் தோற்கடித்த வருஷம். தேர்தல் நடந்த அந்தப் பிப்ரவரியில் அண்ணாச்சி பிறக்கவே இல்லை. ஆனாலும் வாக்குச்சாவடி வாசலில் வெயிலில் நின்று செருப்புத் தேய்ந்தவர் மாதிரி சொல்வார்: "1,285! நம்ம மண்டபத்துல நாலு பந்தி. அஞ்சாவது பந்தியில கால்வாசி. ஒரு கல்யாணக் கூட்டம், தம்பி. ஒரு கல்யாணக் கூட்டம் மனசு மாறுனா ராஜ்யமே மாறிப்போகும்!"

அதனால் இலைக் கணக்கை விஞ்ஞானபூர்வமாகப் போட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. சனி மாலை முழுக்க அது நடந்தது. சிவப்பு மையில் எதிரணி, பச்சையில் நம்ம ஓட்டு, பென்சிலில் ஊசலாடுகிறவர்கள். மாமனார் வகையறா பென்சில். பத்திரிகைக்கு மூன்று தலை என்றால் 1,920. வாக்குப்பதிவு 70 சதவீதம், 1,344. செல்லாத ஓட்டு 59. எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் 1,285-இல்தான் வந்து நின்றது. 59 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அனுபவம் என்றார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு மாஸ்டர் வந்தார். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு 1967-இலிருந்து ஆரம்பித்தார். மாஸ்டர் பொறுமையான மனிதர். வாயில் வெற்றிலை இருந்ததும் ஒரு காரணம். பாதியில் அவர் பார்வை சமையல்கட்டுப் பக்கம் போயிற்று.

"850 இலை, மாஸ்டர்" என்றார் மதினி, முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே. "சிவகாசிக்காரங்களுக்கு அன்னைக்கே அங்க ஒரு கல்யாணம் இருக்கு, வீட்டுக்கு ஒருத்தர்தான் வருவாங்க. சாத்தூர்ல இருந்து ஒரு வேன். சென்னைப் பிள்ளைங்க முந்தின நாள் ராத்திரியே ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு ரயில் ஏறிடும். திருத்தங்கல் அத்தை வீட்டுல பேச்சு இல்ல, ஆனா வருவாங்க. மொய் எழுதிட்டுப் பந்திக்கு வராமப் போவாங்க. நான் போய் கையப் பிடிச்சுக் கூப்பிட்டா நாலு இலை கூட."

மாஸ்டர் 850 என்று எழுதிக்கொண்டு, அட்வான்ஸை மதினியிடம் வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. கலர் கலராய் எழுதிய தாளை மடித்து ஆல்பத்துக்குள் வைத்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து மெதுவாக, "67-ல இவ இருந்திருக்கணும், தம்பி. எண்ணுறதுக்கு முந்தியே காமராஜர்கிட்டச் சொல்லியிருப்பா" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "அவருதான் கல்யாணமே கட்டலையே, யாரு சொல்லுவா?"