துரை கேஎல் பாக்கப் போறாரு

தாராளமா காடியிலேயே போ, பேராண்டி. யாரு வேணாமுன்னா? நெடுஞ்சாலையில டோல் கட்டணும், கட்டு. டோல்காரனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, அவனும் பசியாறணும்ல. சுங்கை பீசி நெருங்குனதும் முன்னாலயும் காடி, பின்னாலயும் காடி. அங்கன உக்காந்து முன்னாடி நிக்கிறவன் நம்பர் பிளேட்ட மனப்பாடம் பண்ணு, நாலு நம்பர் எழுதவாச்சும் ஆவும். அப்புறம் கேஎல்லுக்குள்ள பார்க்கிங் தேடி அதே தெருவ மறுபடி மறுபடி சுத்து. சுத்தி முடிக்கிறப்ப மதியமாயிடும். மிச்சமிருக்குற காசுக்கு ஒரு தே தாரிக் குடிச்சிட்டுத் திரும்பி வந்து, "தாத்தா, கேஎல்ல ஒண்ணுமேயில்ல, வெறும் கட்டடம்"னு சொல்லு. நானும் "அப்படியா ராசா"ன்னு கேட்டுக்குறேன்.

இல்ல தாத்தா, கையில அம்பது வெள்ளிதான் இருக்கு, அதுலயும் கூட்டாளிக்குச் சாப்பாடு வாங்கித் தரணும்னு நீ உண்மையச் சொன்னா, இப்படி வந்து உக்காரு. ஏழைக்குன்னு ஒரு வழி இருக்கு. பணக்காரன் அதைக் கண்டுபிடிக்கல, அதுனாலதான் இன்னும் மலிவா இருக்கு.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. கேஎல்ல ஊர் சுத்துறது லேசு. ரந்தாவ்ல இருந்து வெளிய போறதுதான் பெரும்பாடு. சிரம்பான் இருவது கிலோமீட்டர் பக்கம். கேஎல்ல எல்ஆர்டிய விட்டுட்டா கொட்டாவி விட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துடும். நம்ம ரந்தாவ் கடைத்தெருவுல பஸ்ஸ விட்டுட்டா, எதிர்க்கடையில ஒரு ரொட்டி சானாய், இன்னொரு ரொட்டி சானாய், அப்புறம் கடைக்காரன் குடும்பக் கதை, எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் அடுத்த பஸ்ஸு. அதனால முதல் நாளு சாயங்காலமே தெருவுல யாரு காலையில சிரம்பான் போறான்னு விசாரிச்சு வை. ஆஸ்பத்திரி போற அத்தை, கோர்ட்டுக்குப் போற மாமா, நீலாய் பக்கம் பேக்டரிக்குப் போற பையன், யாராச்சும் இருப்பாங்க. "நலமா அத்தை, முட்டி வலி எப்படி இருக்கு"ன்னு கேட்டா போதும், பின் சீட்டு உனக்கு. கிரேப் வராத ஊர்ல இதுதான்டா கிரேப்.

உனக்குத் தெரியுமா, சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவுல 1891லயே ரயிலு விட்டாச்சு. கேஎல்லும் சிரம்பானும் தண்டவாளத்துல சேர்றதுக்கு முன்னாடியே நம்ம பக்கத்து ஆளு ரயிலு ஏறிட்டான். அப்ப ஈயம் ஏத்துனான், பொறவு கித்தா ஏத்துனான். இப்ப அந்தப் பாதையில ஏறுறதுக்கு ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. முன்னேற்றம்னா இதான்: வெள்ளைக்காரன் காலத்துல நமக்கு ரயிலு இருந்துச்சு, நம்ம காலத்துல அத்தையோட காடி இருக்கு.

சரி, சிரம்பான் ஸ்டேசனுக்கு வந்துட்ட, இனி கேடிஎம் கொமுத்தர் ரயிலு. டச் அண்ட் கோ கார்டுல காசு இருக்கான்னு மொதல்லயே பாத்துக்க. கேட்டுல கார்டத் தட்டிட்டுச் செவப்பு விளக்கு எரிஞ்சா பின்னால நிக்கிறவன் விடுற பெருமூச்சுல உன் சட்டை காய்ஞ்சுடும். கேஎல் சென்ட்ரல் வரைக்கும் பத்து வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும். ஒண்ணரை மணி நேரம் பக்கம் ஆகும். அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்.

ஏறும்போது கண்ணத் திறந்துட்டு ஏறு. நடுவுல ரோஸ் கலர் போட்ட கோச்சு பொம்பளைங்களுக்கு. 2010ல இருந்து அப்படித்தான். உன்ன மாதிரி விடலைங்க தெரியாத மாதிரி அதுல போயி உக்காருவானுங்க. அப்புறம் பத்துப் பதினஞ்சு அக்கா தங்கச்சிங்க ஒண்ணும் பேசாமப் பாப்பாங்க பாரு ஒரு பார்வை, அடுத்த ஸ்டேசன்ல தானா இறங்கிடுவான். உனக்கு அந்த அனுபவம் வேணும்னா போயிப் பாரு, அதுக்குத் தனிக் காசு இல்ல.

உக்காந்ததும் போனை எடுக்காத. ஜன்னல்ல லாபு, நீலாய், பாங்கி, காஜாங்குன்னு ஒவ்வொண்ணா வரும். செம்பனைக் காடு மெலிஞ்சு மெலிஞ்சு வீடமைப்பாயிடும், வீடமைப்பு தடிச்சு அடுக்குமாடியாயிடும். நம்ம ஆளுங்க தோட்டத்த விட்டு எங்க போயி ஒண்டுனாங்கன்னு உனக்கு எவனும் பாடம் எடுக்க மாட்டான். இந்த ஜன்னல் எடுக்கும். காஜாங்குல இறங்கி எம்ஆர்டி மாறுனா நேரா பாசார் சேனி, புக்கிட் பிந்தாங் போயிடலாம். 2017ல இருந்து அந்தப் பாதை முழுசா ஓடுது. ஆனா நீ இறங்காத, உக்காரு. மிட்வேலி வரும்போது மட்டும் உன் கூட்டாளிங்க கையப் புடிச்சுக்க. அங்கன இறங்கிட்டா கதை முடிஞ்சுது: ஏசி கடையில நுழைஞ்சு, ஒண்ணும் வாங்காம, ஆனா அம்பது வெள்ளியும் செலவழிஞ்சு, ராத்திரி வெளிய வருவீங்க. அது எப்படின்னு எனக்கும் புரியல, ஆனா எல்லாருக்கும் நடக்குது.

கேஎல் சென்ட்ரல்லயும் இறங்காத. ஏன்னா இதே ரயிலு நேரா பத்துமலைக்குப் போகுது. மாறவே வேண்டியதில்ல. வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி மலை ஏறிடணும், அதுதான் கணக்கு. வழியில செந்தூல் வரும். ரயில் பட்டறை இருந்த இடம், நம்ம ஆளு ரயில்வேயில உழைச்சு மண்டை நரைச்ச இடம். எழுந்திரிச்சு நிக்க வேணாம், ஒரு தடவை தலையத் திருப்பிப் பாரு.

பத்துமலையில 272 படி. கீழ நிக்கிற முருகன் 42.7 மீட்டரு, 2006ல திறந்தாங்க. பெரிய குகைக்கு டிக்கெட்டு கிடையாது, படிக்கும் கிடையாது. ஆனா குரங்கு இருக்கு. அது உன் கையில இருக்குற பிளாஸ்டிக் பையப் பாத்து டிக்கெட்டுக் காசு வசூல் பண்ணிக்கும். நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்போ தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரியில அடுக்கி ஏத்துவாங்க. மண்டோர் பொண்டாட்டிக்கு முன் சீட்டு, மத்தவங்க பின்னால சட்டிபானையோட. வந்து இறங்குறப்போ எங்க தலைமுடியெல்லாம் செம்மண்ணு. சாமிக்கு நாங்க காவடியா வந்தமா காட்டு மூட்டையா வந்தமான்னு அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். நீ ஏசியில உக்காந்து வந்து இறங்கிட்டு, "தாத்தா, படி ரொம்ப அதிகம்"ங்கிற.

திரும்பும்போது அதே ரயிலுல வந்து கோலாலம்பூர்னே பேரு போட்ட பழைய ஸ்டேசன்ல இறங்கு. சென்ட்ரல் இல்ல, அதுக்கு முந்தினது. 1910ல ஹப்பக்குன்னு ஒரு வெள்ளைக்காரன் கட்டுனான். ரயில் ஸ்டேசனக் கட்டச் சொன்னா அரண்மனையக் கட்டி வச்சிருக்கான். இப்ப பெரும்பாலும் கொமுத்தர்தான் வந்து போவுது, அரண்மனை சும்மா நிக்குது. வெளிய வந்து எதிர்ப்பக்கம் நின்னு பத்து நிமிசம் பாரு. காசு கேக்க ஆளு இல்ல, பாக்கவும் ஆளு இல்ல. எல்லாரும் ரெட்டைக் கோபுரத்துக்கு வரிசையில நிக்கிறானுங்க.

அங்கருந்து நடை மேம்பாலத்துல பாசார் சேனிக்குப் போயிடலாம். 1888ல காய்கறி மீன் வித்த சந்தை, இப்ப பத்திக்கும் பாவாடைக்கும் வெள்ளைக்காரன் பேரம் பேசுற இடம். நீ பேரம் பேசாத. உனக்குப் பேரம் பேசத் தெரியாது, எனக்குத் தெரியும். உங்க பாட்டியக் கேட்டுப் பாரு, தெரியாதும்பா. ரெண்டு தெரு தள்ளி மாரியம்மன் கோயிலு, 1873ல தம்புசாமிப் பிள்ளை எழுப்புனது. தைப்பூசத்துக்கு வெள்ளித் தேரு இங்கருந்துதான் பத்துமலைக்குக் கிளம்பும். தேரு ராத்திரியெல்லாம் தெருத் தெருவா ஊர்ந்து போகும், முருகனுக்கு அவசரம் கிடையாது. நீ ரயிலு அஞ்சு நிமிசம் லேட்டுன்னு முகத்தத் தூக்கி வச்சுக்குற.

அப்புறம் மஸ்ஜித் ஜாமேக் வரைக்கும் நட. கோம்பாக்கு ஆறும் கிள்ளான் ஆறும் சேர்ற முக்குல 1909ல அந்தப் பள்ளிவாசல் வந்துச்சு. ஊரு பொறந்ததே அந்தச் சேத்துலதான். இப்ப ஆத்து ஓரத்துக்குக் கலர் விளக்கு போட்டிருக்காங்க, சேறு வெக்கப்பட்டு ஒளிஞ்சிருக்கு. அங்கன எல்ஆர்டி ஏறு. களனா ஜெயா பாதை. இதுலதான் நான் உனக்குச் சொல்ற ரகசியம்: அந்த வண்டிக்கு டிரைவரே கிடையாது, 1998ல இருந்து தானாவே ஓடுது. மொத கோச்சுல முன் கண்ணாடிக்கிட்ட போயி நில்லு. சுரங்கம் எதுக்க வாயப் பொளந்துட்டு வரும், தண்டவாளம் உன் காலுக்கடியில ஓடும். கேளிக்கைப் பூங்காவுல இதுக்கு அறுபது வெள்ளி வாங்குவான்; இங்க ரெண்டு மூணு வெள்ளி. ஆனா ஒண்ணு, அந்த இடத்துக்கு ஏழு வயசுப் புள்ளைங்க போட்டிக்கு வருங்க. விட்டுக் கொடுக்காத. நான் கொடுக்கல.

கேஎல்சிசில இறங்குனா ரெட்டைக் கோபுரம். 452 மீட்டரு. மேல ஏறணும்னு உன் கூட்டாளி அடம் பிடிப்பான், டிக்கெட்டு விலையக் கேட்டதும் அடம் தானா இறங்கிடும். பூங்காவுல புல்லு மேல மல்லாக்கப் படு. கோபுரம் முழுசா தெரியும், கழுத்தும் வலிக்காது. ராத்திரி தண்ணி ஆட்டத்தோட பாட்டும் போடுறான், அதுவும் ஓசி. அதைவிட ஒசரமா வேணும்னா மெர்டேக்கா 118 இருக்கு, 678.9 மீட்டரு, உலகத்துல ரெண்டாவது. 1957ல துங்கு சுதந்திரம் முழங்குன அரங்கத்துப் பக்கத்துலயே நிமுந்து நிக்குது. சுதந்திரத்த விட ஒசரமா ஒண்ணு கட்டிட்டாங்கன்னு சந்தோசப்பட வேண்டியதுதான்.

கால் வலிச்சா கோகேஎல் பஸ்ஸுல ஏறு. 2012ல வந்தது. நம்ம ஆளுக்கு ஓசி, மைகாட்ட மட்டும் கையில வச்சுக்க. அந்தப் பஸ்ஸு ஜாம்ல நிக்கும், நிக்கட்டுமே. காடியில வந்தவன் பக்கத்துல நின்னு பெட்ரோல எரிச்சுட்டிருப்பான், நீ ஓசி ஏசியில அவனைக் குனிஞ்சு பாக்கலாம். காசு கொடுத்து வாங்க முடியாத காட்சி அது.

இன்னொண்ணு, மை50ன்னு ஒரு பாஸ் இருக்கு. அம்பது வெள்ளி, முப்பது நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயிலு, ரேப்பிட் பஸ்ஸு எல்லாத்துலயும் எத்தனை தடவ வேணா ஏறலாம். தினம் வேலைக்குப் போறவனுக்கு அது சாமி வரம். ஒரு நாள் பாக்கப் போறவன் அதை வாங்குனா மறுநாள்ல இருந்து இருபத்தொம்போது நாளு ரந்தாவ்ல உக்காந்து அந்தக் கார்டயே பாத்துட்டிருக்க வேண்டியதுதான். கொமுத்தருக்கு அது செல்லவும் செல்லாது. "அன்லிமிட்டட்"னு போட்டிருந்தா யோசிக்காம வாங்குற சாதி நீ, அதான் சொல்லி வைக்கிறேன்.

மோனோரயிலு ஏறணும்னா அதுக்கும் ஒரு சூட்சுமம். கேஎல் சென்ட்ரல்னு பேரு போட்டிருப்பான், ஆனா அது சென்ட்ரலுக்குள்ள இல்ல. பெரிய மாலுக்குள்ள பூந்து, கடை கடையா கடந்து, மறுபக்கம் வந்தாத்தான் ஸ்டேசன். யாரோ நல்லா யோசிச்சுத்தான் கட்டியிருக்காங்க. நேரா பாத்து நட. கைய ரெண்டையும் சட்டைப் பையில வச்சுக்க.

கடைசியா பிரிக்பீல்ட்ஸ். ரயில்வேக்காரங்க குடியிருந்த இடம். யாழ்ப்பாணத்துக் கிராணியும் மெட்ராசுக் கூலியும் ஒரே புகையில இருமுன தெரு. இப்ப லிட்டில் இந்தியா, 2010ல இந்தியாவுல இருந்து மன்மோகன் சிங்கே வந்து திறந்து வச்சாரு. வளைவு என்ன, விளக்கு என்ன, பாட்டு என்ன! ரயில்வே குவார்ட்டர்ஸ் எங்கன்னு தேடாத, பெரும்பாலும் இடிச்சாச்சு. வாழை இலைச் சாப்பாடு சாப்புடு. கூடக் கொஞ்சம் சோறு கேட்டா போடுவான், அதுக்குக் காசு இல்ல. கோழிக்கறிய மட்டும் கையக் காட்டாத. பில்லு அங்கதான் உசந்து உக்காந்திருக்கும். ரயிலுக்குள்ள எதையும் திங்காத, அபராதம் போடுவான். முறுக்குப் பொட்டலத்த வீட்டுக்கு வந்து பிரி.

சாயங்காலம் அஞ்சுக்கு முன்னாடி கொமுத்தர் பிடிச்சா உக்காந்து வரலாம். அஞ்சுக்கு மேலன்னா ஆபீசு விட்ட கூட்டம், அடுத்தவன் அக்குள்ல மூக்க வச்சுட்டுக் காஜாங் வரைக்கும் நிக்கணும். சிரம்பான்ல இறங்கும்போது ரந்தாவ் பஸ்ஸு போயிருக்கும். அது எப்பவும் போயிருக்கும். அத்தைக்குப் போன் போடு, முட்டி வலி விசாரி.

என்ன முழிக்கிற? இவ்வளவையும் நீ ஞாபகம் வச்சுக்கப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். ஒரு வழி சொல்றேன். அறுபது தாண்டின மலேசியனுக்குக் கேடிஎம்ல பாதி டிக்கெட்டுதான். வழி தெரிஞ்ச ஆளு, பாதி விலையில. சனிக்கிழமை காலையில நான் ரெடி. உங்க பாட்டிக்கிட்ட ஆஸ்பத்திரின்னு சொல்லிக்குவோம். ஜன்னல் சீட்டு எனக்கு, கோழிக்கறி உன் செலவு.