முன்னிலை வகிப்போர் கவனத்துக்கு

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அந்த வாரம் புத்தகங்களுக்குக் கொஞ்சம் நெருக்கடி. அலமாரிகளை ஓரங்கட்டி மேடை போட்டுவிடுவார்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று வாசகர் வட்டத்தார் அத்தனை பேருக்கும் அழைப்பிதழில் இடம் ஒதுக்கிய பிறகு, கீழே உட்காரத்தான் ஆள் தேட வேண்டும். பக்கத்துப் பள்ளியின் எட்டாம் வகுப்பு எதற்கு இருக்கிறது? ஏழாவது வாழ்த்துரைவரை தாக்குப்பிடித்தால் மிக்சரும் டீயும் உண்டு.

1000 ரூபாய் கட்டினால் புரவலர். பெயர் பலகையில் ஏறும். அதன் முன்னால் நின்று தன் இனிஷியல் சரியா என்று பார்ப்பவரைப்போல ஊன்றி வாசிப்பவர் அந்த நூலகத்திலேயே வேறு யாருமில்லை. 1948-லேயே நூலகச் சட்டம் போட்டு, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கிற மாநிலம் இது. அந்தக் கணக்கில் வீட்டுக்காரர் எல்லோரும் புரவலர்தாம், பலகைதான் போதாது.

இப்போதெல்லாம் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தருகிறார்கள். நல்ல மாற்றம். போன விழாவில் எனக்குக் கிடைத்ததன் முதல் பக்கத்தில், முந்தைய விழாவில் வாழ்த்துரை வழங்கியவரின் பெயர் அழகாக எழுதப்பட்டிருந்தது. மற்ற பக்கங்கள் புத்தம்புதிது.