என் முதுகுக்குப் பின்னால்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சாளுவன்குப்பத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடைக்காற்றை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டு நான் போய்க்கொண்டிருந்த சமயத்தில், என் பின்சக்கரத்துக்கு நாலு விரற்கடை பின்னால் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். வந்தவர் முன்னால் போகவில்லை, பின்தங்கவுமில்லை. கானத்தூரில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு, கடைசி இருநூறு மீட்டரில், அப்போதுதான் தூங்கி எழுந்தவர்போல் சோம்பல் முறித்து, எழுந்து நின்று பத்து மிதி மிதித்து, என்னைத் தாண்டிச் சென்றார். தாண்டும்போது, "சூப்பர் பேஸ், அங்கிள்!" என்று ஓர் ஆசீர்வாதமும் செய்தார். நாலு நாள் ஆகிறது. தொடைவலி தீர்ந்துவிட்டது, அந்த 'அங்கிள்' இன்னும் தீரவில்லை.

இந்த வருஷத்துப் பந்தயப் பருவத்தில் நான் சம்பாதித்த உருப்படியான ஞானம் ஒன்றே ஒன்று உண்டு. அதை வாசகர்களுக்கு எடுத்துரைப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லப்படும் ஞானத்தை யாரும் மதிப்பதில்லை என்பது லோகானுபவம் ஆகையால், அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, பருவத்தின் சரித்திரத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் 'சீசன்' என்றால் அது மார்கழி மாதத்துச் சங்கீத சீசன்தான். 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றிய காலத்திலிருந்து அந்தச் சொல்லை வித்வான்கள் பட்டா போட்டுக்கொண்டுவிட்டார்கள். ஆகவே, "எனக்குச் சீசன் ஆரம்பித்துவிட்டது, இனி ஒன்பது மணிக்குமேல் விழித்திருக்க முடியாது" என்று நான் ஒரு கல்யாண வரவேற்பில் சொன்னபோது, என் சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த சபாவில்? மத்தியானக் கச்சேரியா?" என்று விசாரித்தார். உண்மையை விளக்கியதும் அவர் முகத்தில் தோன்றிய அனுதாபத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குத் திருவெம்பாவை பாடிக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதியில் வரும் பஜனை கோஷ்டிக்கு எதிரே, தேகத்தோடு ஒட்டிய கறுப்பு நிஜாரும், முதுகில் மூன்று பை வைத்த மஞ்சள் சட்டையும், நடந்தால் குதிரை லாடம்போல் ஒலிக்கிற பாதரட்சையுமாக, கோலத்தை மிதித்துவிடாமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நான் ஒதுங்கி நின்ற சந்தர்ப்பத்தில், கோஷ்டியின் தலைவர் என்னைக் கண்டதும் கண்களை இறுக மூடிக்கொண்டு ஜால்ராவைச் சற்றுப் பலமாகத் தட்டினார். பகவான் பெயரைச் சொன்னால் விலகாத உருவமும் உண்டு என்று அன்று அவர் தெரிந்துகொண்டிருப்பார்.

சைக்கிளின் எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சம்மேளனம் விதி வைத்திருக்கிறது. என்னைப் போன்றவர்கள் அந்த விதியை மீறிவிடுவோமோ என்று அவர்கள் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. எனினும் நாம் எல்லோரும் சமையலறைத் தராசில் திருகாணிகளை நிறுத்துப் பார்த்து, 11 கிராம் குறைப்பதற்காக ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைத்தவர்களே ஆகையால், அந்த வெட்கத்தை இங்கே விஸ்தரிப்பானேன்? என் வண்டி இப்போது சரியாக ஏழரைக் கிலோ. "அது ஏழரைன்னு வாங்கின அன்னிக்கே தெரியுமே" என்றாள் என் மனைவி.

பருவத்தின் முதற்பந்தயம், ஒரு தொழிற்பேட்டைக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் வளையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும் பந்தயம். மூன்றாவது சுற்றில் கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. பன்னிரண்டாவது சுற்றில் அதே கூட்டம் பின்னாலிருந்து வந்து என்னைப் பிடித்தது. பிடிப்பதற்கு முந்தைய க்ஷணத்தில் எடுக்கப்பட்ட புகைப்படமொன்றில் நான் தன்னந்தனியாக முன்னணியில் செல்கிறேன். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அடுத்த க்ஷணத்தில் விசில் ஊதி என்னை இறக்கிவிட்ட விஷயம் அந்தப் படத்தில் இல்லை.

இரண்டாவது, ஏலகிரி மலையேற்றம். அந்த மலைப்பாதையின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். தமிழறிவு எனக்கு அவ்வளவு பயன்பட்ட நாள் வேறில்லை; ஒவ்வொரு புலவர் பெயரைக் கண்டதும் நின்று, பலகையைப் பக்தியோடு வாசிக்கும் பாவனையில் மூச்சு வாங்கினேன். முல்லைக்குத் தேரையே ஈந்த பாரி, எனக்கு ஒரு முழம் சமதளம் ஈயவில்லை. ஆயினும் மலையைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற இடத்தில் காற்றின் எதிர்ப்பு என்று பேசத் தக்கதாக ஒன்றும் கிடையாது. ஒருவர் முதுகில் இன்னொருவர் ஒளிந்து ஆதாயம் பெற முடியாது. அவரவர் தொந்தியை அவரவரே சுமந்தாக வேண்டும். அங்கே நான் என் சொந்தத் தகுதியினாலேயே தோற்றேன்.

சமவெளியின் தர்மம் வேறு. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

வாடைக்காற்றைப் பற்றி நம் முன்னோர்கள் அறியாததில்லை. நக்கீரர் 'நெடுநல்வாடை' என்று ஒரு பாட்டே பாடியிருக்கிறார். அதில் அரசி கட்டிலில் கிடந்து வருந்துகிறாள். அரசன் பாசறையில் உறக்கமின்றி இருக்கிறான். அவ்விருவரில் ஒருவராவது அந்த வாடைக்கு எதிரே சைக்கிள் மிதித்ததாகச் செய்தி இல்லை. நான் மிதித்தேன். என் வேகம் 28 கிலோமீட்டர். எதிர்க்காற்றின் வேகம் ஒரு 15 இருக்கும். ஆக, என் மார்பு சந்தித்த காற்று 43. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளர்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அலட்சியமாக இருந்ததற்கு, திருவிடந்தையிலிருந்து கோவளம் வரைக்கும் பிராயச்சித்தம் செய்தேன். இதே காற்றில் என் பின்னால் ஒட்டி வருகிறவருக்கோ, செலவாகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மிச்சப்படுத்தட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஐந்து நிமிஷம் நான் முன்னால், ஐந்து நிமிஷம் நீ முன்னால் என்று முறைவைத்துப் போவதல்லவா மனுஷ்ய நாகரிகம்?

அவர் ஒட்டி வருகிறார் என்பதை நான் திரும்பிப் பார்த்து அறியவில்லை, காதால் அறிந்தேன். ப்ரீவீல் சத்தம் உங்களுக்குத் தெரியும். மிதிப்பதை நிறுத்தினால்தான் அது 'டிக் டிக் டிக்' என்று பேசும். என் இருதயம் பறை அறைந்துகொண்டிருக்க, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்க, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்துகொண்டிருக்க, எனக்குப் பின்னாலிருந்து அந்த 'டிக் டிக் டிக்' கேட்டதே, அதைவிடக் குரூரமான சங்கீதத்தை எந்த சீசனிலும் நான் கேட்டதில்லை. அந்த மகானுபாவர் மிதிக்கவே இல்லை! என் நிழலில் உட்கார்ந்து, வீட்டுத் திண்ணையில் காற்று வாங்குகிறவர்போல் வந்துகொண்டிருந்தார்.

வலது முழங்கையை இரண்டு முறை வெளியே அசைத்தேன். முன்னால் வா என்பதற்கு இதைவிடத் தெளிவான பாஷை உலகத்துச் சைக்கிள்காரர்களிடம் இல்லை. அவர் வரவில்லை. ஒருவேளை வலக்கைப் பழக்கம் இல்லாதவரோ என்று இடது முழங்கையை அசைத்தேன். பிறகு இரண்டையும் அசைத்தேன். கோழி பறக்க எத்தனிக்கிற காட்சியாக அது இருந்திருக்கும். அப்போதுதான் பின்னாலிருந்து கனிவான குரலில் ஒரு கேள்வி வந்தது: "கை வலிக்குதா, அங்கிள்?"

வேகத்தைக் குறைத்தேன், அவரும் குறைத்தார். சாலையின் ஓரத்துக்குப் போனேன், அவரும் வந்தார். தண்ணீர் குடித்தேன், அவரும் குடிக்கிற சத்தம் கேட்டது. வெட்கக்கேடு என்னவென்றால், சாலையில் பள்ளம் வந்தபோதெல்லாம் பின்னால் வருகிறவருக்குக் கைநீட்டிக் காட்ட வேண்டும் என்ற நம் சம்பிரதாயத்தை என்னால் கைவிட முடியவில்லை. உயிரைக் கொடுத்துக் காற்றை உடைத்ததுமல்லாமல், வழிநெடுகப் பள்ளங்களையும் அவருக்கு அறிமுகம் செய்துவைத்துக்கொண்டே போனேன். எனக்கு யார் காட்டினார்கள்? முட்டுக்காட்டுக்கு முன்னால் ஒரு பள்ளத்தை அவருக்குக் காட்டிக்கொண்டே நான் அதில் இறங்கினேன்.

1913-ஆம் வருஷத்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், வெற்றிக்கு வாய்ப்புள்ளவராக இருந்த யூஜீன் கிறிஸ்தோஃப் என்பவருக்கு, டூர்மலே மலையிறக்கத்தில் முன்சக்கரத்து ஃபோர்க் முறிந்துபோயிற்று. பிறருடைய உதவியைப் பெறக் கூடாது என்பது அக்காலத்து விதி. மனிதர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கொல்லுலையைக் கண்டுபிடித்து, அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் செப்பனிட்டார். அந்த வேலையின்போது ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள்! ஒரு பையன் துருத்தி ஊதியது குற்றமாக இருந்த விளையாட்டில், இன்று என்னையே துருத்தியாக்கி இருபத்து சொச்சம் கிலோமீட்டர் ஊதவைத்தவருக்குத் தண்டனை உண்டா என்று பந்தய நடத்துநரிடம் போய்க் கேட்டேன். அவர் விதிப்புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை. "கூட்டமாகப் புறப்படும் பந்தயத்தில் அதற்கு இடமுண்டு சார், அதுதான் சாமர்த்தியம்" என்றார். தமிழில் இதற்கு வால்பிடித்தல் என்று வேறொரு பெயர் நெடுநாளாக இருக்கிறது. அதையும் சாமர்த்தியம் என்று சொல்கிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை இருக்கிறதே, கைகளை உயர்த்தி நின்று தவம் செய்கிற பூனை. அதைச் சுற்றி எலிகள். பல்லவச் சிற்பி அதை எதற்காகச் செதுக்கினான் என்று பண்டிதர்கள் பலவாறு சொல்வார்கள். எனக்கு இப்போது சந்தேகமே இல்லை: அந்தச் சிற்பியும் வாடைக்காற்றில் யாரையோ பின்னால் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

நியாயமாகப் பேசுகிற வாசகர் ஒருவர், "போகும்போது தெற்கு நோக்கி நீ எப்படிப் போனாய்?" என்று கேட்கக் கூடும். போகும்போது, எனக்கு முன்னால் ஒரு வங்கி அதிகாரி சென்றார். அவருடைய முதுகு விசாலமானது. நாலு பேருக்குப் பயன்படுவதற்கென்றே பிரம்மா படைத்த முதுகு. அதை வீணாக விட்டுவிடுவது பாவம் என்று, கானத்தூரிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் அதன் பின்னால் நான் சென்றது வாஸ்தவம். அன்றியும் அப்போது அடித்தது முதுகுக்காற்று. அவர் ஏதோ முழங்கையை அசைத்ததாகவும் ஞாபகம். ஈ தொந்தரவு என்று நினைத்துக்கொண்டேன். இதையும் அதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது முறையாகாது.

பந்தய முடிவுப் பட்டியல் நேற்று வந்தது. 46 பேரில் நான் 32. அந்த இளைஞர் 31. முப்பத்தோராவது இடத்துக்குப் பரிசு ஏதும் கிடையாது என்பதைப் பட்டியலின் அடிக்குறிப்பு வரைக்கும் வாசித்து உறுதி செய்துகொண்டேன். அதில் கிடைத்த ஆறுதல் ஒரு காபி குடித்து முடிக்கும் வரையில் நீடித்தது.

இனி, ஆரம்பத்தில் வாக்களித்த ஞானத்துக்கு வருகிறேன். அதை நேற்றிரவு நிதானமாகச் சிந்தித்து, வாக்கியமாக அமைத்துக்கொண்டு படுத்தேன். நல்ல வாக்கியம். ஆனால் எங்கள் வீட்டு மின்விசிறிக்குச் சில நாட்களாக ஏதோ கோளாறு; மெதுவாகச் சுற்றும்போது 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. அரைத்தூக்கத்தில் அது என் தலைக்குப் பின்னாலிருந்து கேட்டது. என்னையறியாமல் வலது முழங்கையை இரண்டு முறை வெளியே அசைத்திருக்கிறேன்.

"என்னங்க, கை வலிக்குதா?" என்றாள் என் மனைவி.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாக்கியமும் போய்விட்டது.