ஆடிக்காற்றும் ஒரு குட்டி மோட்டாரும்

தென்காசியில் ஓர் எலக்ட்ரிக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, ஒரு மோட்டார் வேணும்" என்றேன்.

பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "கிணத்துக்கா, போருக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல."

"சரி, அஞ்சு எச்.பி.யா, ஏழரையா?"

இலத்தூர்க்காரனிடம் ஏழரை என்ற சொல்லை இப்படிப் போகிற போக்கில் வீசக்கூடாது. எங்கள் ஊர் மதுநாதசுவாமி கோயிலில் இருக்கும் சனீஸ்வரனைப் பார்க்கத்தான் சனிக்கிழமைதோறும் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கின்றன. நான் சற்றுக் குரலைத் தாழ்த்தி, "ஏரோப்பிளேனுக்கு" என்றேன். இப்போது தலையைத் தூக்கினார். கடையில் நின்ற இன்னும் நாலு பேரும் தூக்கினார்கள்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் இரண்டு பெட்டி கொண்டுவந்திருந்தார். எனக்கு ஒன்று, மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்று. இரண்டும் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், 48ல் ஒரு பங்கு அளவு. நிஜ விமானத்தின் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை 11.23 மீட்டர், 48ஆல் வகுத்தால் 23 சென்டிமீட்டர் சொச்சம். தோசைக்கல்லுக்குள் அடங்கிவிடும். ரிட்டயரானவனுக்கு ஏற்ற பொழுதுபோக்கு என்று மச்சான் நினைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான்.

பேரன் மூன்றே நாளில் ஒட்டி, பெயின்ட் அடித்து, "தாத்தா, முடிஞ்சிட்டு" என்று கொண்டுவந்து காட்டினான். நான் இரண்டு பாதி உடலையும் ஒட்டாமல், மூக்குக்குள் விரலை விட்டு அளந்துகொண்டிருந்தேன். காற்றாடி சும்மா நிற்கும் விமானம் எனக்கு விசேஷ வீட்டில் ஓடாத ஃபேன் மாதிரிப் பட்டது. உள்ளே ஒரு மோட்டாரை வைத்துச் சுழலவிட்டால் என்ன? இது என் மூளையில் மட்டும் முளைத்த கிறுக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1970ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பெரிய அளவில், 24ல் ஒரு பங்காக, ஸ்பிட்ஃபயர் மாடல் விட்டபோதே காற்றாடிக்கு மோட்டார் வைக்க வழி செய்திருந்தது. கிறுக்கர்களுக்கு ஒரு பாரம்பரியம் உண்டு.

முதலில் பரணிலிருந்த பழைய டேப்ரெக்கார்டரைக் கழற்றினேன். அதன் மோட்டார் நிமிடத்துக்கு 2,400 சுற்று, ஏறாது, இறங்காது. பாட்டு இழுக்கக் கூடாதல்லவா, அதற்காக உள்ளேயே கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். பத்தினி மாதிரியான மோட்டார். ஆனால் பத்து ரூபாய் நாணயத்தைவிட அகலம். என் விமானத்தின் மூக்கோ உட்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர்.

அடுத்து பழைய பட்டன் போன் ஒன்றைப் பிரித்து, அதை நடுங்கவைக்கும் மோட்டாரை எடுத்தேன். பென்சில் முனை அளவுதான் இருக்கும். தண்டின் நுனியில் அரைவட்டமாக ஓர் எடை. அந்த எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுவதால்தான் போன் நடுங்குகிறது. இதை நான் பிற்பாடு யோசித்தேன். முற்பாடு செய்தது, எடையோடே மூக்கில் சொருகி பேட்டரி கொடுத்தது. விமானம் ஜுரம் வந்ததுபோல் உதறிக்கொண்டு மேஜையில் தானாக நகர்ந்து, ஓரம்வரை போய், கீழே பார்த்தது. நல்லவேளை பிடித்துவிட்டேன். எடையைக் கழற்றிவிட்டுக் காற்றாடியை மாட்டினால், ஒரு சுற்று சுற்றிவிட்டு, "என்னால ஆவாது" என்று நின்றுவிட்டது.

மூன்றாவது, பேரனின் உடைந்த பொம்மைக் கார் மோட்டார். வேகம் பயங்கரம். கையில் பிடித்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். ஓடத் தொடங்கியதும் காற்றாடி கண்ணுக்குத் தெரியவில்லை. வேகத்தில் தெரியவில்லை என்று பூரித்துப் போனேன். மோட்டாரை நிறுத்திய பிறகும் தெரியவில்லை. அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, புளிக்கொழம்புல எதோ மூணு எலை கெடக்கு. இதும் உங்க ஏரோப்பிளேனா?"

நிஜ ஸ்பிட்ஃபயரிலும் இதே பிரச்சினை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுவரை போகும். காற்றாடியை அந்த வேகத்தில் விடாமல் நடுவில் ஒரு பற்சக்கரம் வைத்துப் பாதிக்கும் கீழே, சுமார் 1,430க்கு, இறக்கிவிடுவார்கள். மச்சானிடம் போனில் சொன்னேன். அவர் கணக்கு வாத்தியார். "அளவு 48ல் ஒண்ணுன்னா வேகமும் 48ல் ஒண்ணுதான வே? நிமிஷத்துக்கு முப்பது சுத்து போதும்" என்றார். அது லோ வோல்டேஜில் எங்கள் வீட்டு ஃபேன் சுற்றும் வேகம்.

கடைசியில் பேரன்தான் செல்போனில் தேடித் தருவித்தான். 'என் ட்வென்டி' என்று பெயர். 12 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் உயரம், முன்னால் பித்தளைப் பற்சக்கரங்கள் அடுக்கிய ஒரு குட்டிப் பெட்டி. ஆறு வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு 300 சுற்று, இரண்டு பென்சில் செல்லுக்கு அதில் பாதி. மூக்கின் உட்சுவரைக் கொஞ்சம் சுரண்டியதும் அச்சாக உட்கார்ந்தது. ஒயருக்கு பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தலைமுடி மாதிரிச் செம்புக் கம்பி உருவி, வயிற்றில் துளையிட்டு, தீர்ந்துபோன பேனா ரீஃபிலைத் தாங்குகாலாக நிறுத்தி அதன் வழியே கீழே இறக்கினேன். சுவிட்சைப் போட்டேன். அசைவில்லை. இரண்டு நாள் அசைவில்லை. மோட்டார் செத்துப் பிறந்தது என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியும் தேடியாயிற்று. அந்தக் கம்பியின்மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், நுனியைச் சுரண்டாமல் முறுக்கினால் மின்சாரம் போகாது என்பதைச் சொன்னவன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். பிளேடால் இரண்டு இழுப்பு. சுற்றியது!

சுற்றியதுதான், தலைகீழாக. ஸ்பிட்ஃபயரின் காற்றாடி பைலட் இருக்கையிலிருந்து பார்த்தால் வலமாகச் சுற்ற வேண்டும், எதிரே நின்று பார்ப்பவருக்கு இடமாக. என்னுடையது மாறிச் சுற்றியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, "அப்பிரதட்சிணம் ஆவாதுல்லா" என்று கோயில் கணக்காகச் சொன்னார். யார் பக்கத்திலிருந்து பார்த்து என்று நான் விளக்கவில்லை. இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன், தீர்ந்தது. சும்மா இருந்திருக்கலாம். தண்டில் காற்றாடி லேசாக ஆடுகிறது என்று ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டேன். என் கை நடுக்கத்தில் அது மூன்று சொட்டாகி, தண்டோடு வழிந்து பற்சக்கரப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது மோட்டாருக்கு ஆர்டர் போட்டபோது வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

ஊர் பேசியது. தெருவில் போகிற ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "பறக்குமா?"

"பறக்காது. காத்தாடி மட்டும் சுத்தும்."

"பொறவு எதுக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. டீக்கடையில் ஒரு தம்பி, "அஜித் சாரே பறக்க விடுறாரு, நீங்க நிப்பாட்டி வச்சிருக்கீங்க" என்றான். நடிகர் அஜித் மாடல் விமானங்களை வானத்தில் ஏற்றுகிறவர்; 2018ல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் ட்ரோன் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். அது வேறு லெவல். அதெல்லாம் எதற்கு, 1871லேயே பாரிஸ் பூங்கா ஒன்றில் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் முறுக்கிய ரப்பர் பட்டையை வைத்தே ஒரு குட்டி விமானத்தைப் பதினொரு விநாடி பறக்கவிட்டுவிட்டார். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, வார்னிஷ் சுரண்டும் பேரனும் இல்லை. இந்தத் தகவலை நான் டீக்கடையில் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரல் என்றால் தூறல். எங்களுக்கு அது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வந்து, கொடியில் காயும் வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய் உடுத்திவிடும். இந்தக் காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை, பேரனின் விமானத்தையும் என்னுடையதையும் மேற்குப் பார்த்துத் திண்ணைக் கட்டையில் ஜோடியாக நிறுத்திவைத்தோம்.

அவனுடைய காற்றாடி, பெட்டியில் சொன்னபடி, ஒட்டாமல் சும்மா செருகி வைத்தது. காற்று வந்ததும் விர்ரென்று பிடித்தது பாருங்கள், இலை மறைந்து வட்டமாகி, வட்டமும் மங்கி, ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது. என்னுடையது ஆணி அடித்ததுபோல் நின்றது. பற்சக்கரம் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும். மறுமுனையிலிருந்து காற்று வந்து தள்ளினால் அசைந்துகொடுக்காது. அம்மியையே பறக்க வைக்கும் என்று பேர் வாங்கிய காற்று, என் இரண்டாவது மோட்டாரிடம் தோற்றது.

அவசரமாகச் சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. கீழே திறந்து பார்த்தால் ஒரு செல்லைக் காணோம். உள்ளே சுவர்க்கடிகாரம் ரொம்ப நாளைக்குப் பிறகு சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

சனீஸ்வரனைக் கும்பிட வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று திண்ணையோரம் நின்று வேடிக்கை பார்த்தது. அவர்களோடு வந்த சின்னப் பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டான்.

"தாத்தா, அது ஏன் சுத்தல?"

"அதுல மோட்டார் இருக்கு" என்றேன்.