தண்ணி கலந்த தளபதி

எட்வர்ட் வெர்னன் என்ற பிரிட்டிஷ் அட்மிரல் 1739-இல் ஆறே கப்பல்களோடு போய் ஸ்பானியர்களின் போர்ட்டோ பெல்லோ துறைமுகத்தைப் பிடித்தவர். லண்டனே அவரைத் தலையில் வைத்து ஆடியது. இன்றைக்கு அவர் பெயர் நிற்பதோ சரக்கில் தண்ணீர் கலந்ததற்காக.

அந்தக் காலத்து மாலுமியின் பாடு அப்படி. பிஸ்கட்டில் வண்டு, பீப்பாய்த் தண்ணீரில் பாசி, வெயிலில் புளித்த பீர். 1655-இல் ஜமைக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், கரீபியக் கடலில் கெட்டுப்போகாத பானமாக ரம் ஊற்ற ஆரம்பித்தார்கள். தலைக்கு நாளொன்றுக்கு அரை பைண்ட், ஏறக்குறைய கால் லிட்டர், அதுவும் ராவாக. ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டுப் பாய்மரத்தில் ஏறுவார்கள். இறங்கிய விதம் பலவகை.

1740 ஆகஸ்ட் 21 அன்று வெர்னன் உத்தரவு போட்டார்: ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணீர். மேல்தளத்தில், அதிகாரி முன்னிலையில் கலந்து, இரண்டு வேளையாக ஊற்ற வேண்டும். கணக்குப்படி ரம்மில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் குடிப்பவனிடம் போய்க் கணக்கு பேச முடியுமா?

கலகம் செய்தால் தூக்கு. எனவே மாலுமிகள் பெயர் வைத்துப் பழிவாங்கினார்கள். வெர்னனின் மேலங்கி 'குரோக்ரம்' என்ற முரட்டுத் துணி; பட்டும் ரோமமும் கலந்து, பிசின் ஏற்றி விறைப்பாக்கியது. அதனால் அவருக்குப் பட்டப்பெயர் 'ஓல்ட் குரோக்'. அவர் கெடுத்த பானமும் 'குரோக்' ஆயிற்று. குடித்துத் தள்ளாடியவன் 'குரோகி'. பிற்பாடு குத்து வாங்கிய குத்துச்சண்டைக்காரனும், தூக்கக் கலக்கத்தில் எழுந்தவனும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே குரோகி ஆனார்கள்.

அடுத்த ஆண்டே வெர்னனுக்கும் சறுக்கல். ஸ்பானியர்களின் கார்த்தஹேனா துறைமுகத்தை முற்றுகையிட்டபோது எதிரே நின்ற தளபதி பிளாஸ் டி லேசோவுக்கு ஒரு கண், ஒரு கால், உருப்படியாக ஒரு கை. வெற்றி உறுதி என்று நினைத்து, லேசோ மண்டியிடுவதுபோல் லண்டனில் பதக்கமே அடித்துவிட்டார்கள். ஒற்றைக்காலர் எப்படி மண்டியிடுவார் என்று யோசித்தார்களோ என்னவோ! வெர்னன் தோற்றுத் திரும்பினார். அந்தப் படையில் இருந்த லாரன்ஸ் வாஷிங்டன் மட்டும் விசுவாசமாகத் தன் பண்ணைக்கு 'மவுண்ட் வெர்னன்' என்று பெயரிட்டார். பிற்பாடு அங்கே குடியிருந்த தம்பி ஜார்ஜ், பிரிட்டனையே அமெரிக்காவை விட்டுத் துரத்தினார்.

பிரிட்டிஷ் கடற்படையில் ரம் படி 1970 ஜூலை 31-ஆம் தேதிதான் நின்றது. மாலுமிகள் கையில் கறுப்புப் பட்டை கட்டித் துக்கம் அனுசரித்தார்கள். அரசாங்கம் கொடுத்த ஆறுதல், தினசரிப் படியில் கூடுதலாக ஒரு கேன் பீர்.