கைக்குட்டைக் கவசம்

அறுவடை நெருங்கினால் திருத்துறைப்பூண்டி டிங்கரிங் பட்டறைகளில் வண்டிகள் வரிசை கட்டும். பட்டி தேய்த்து முடித்ததும் பெயின்டர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்பிரே கன்னை எடுப்பார். கைக்குட்டை தூசியை ஓரளவு தடுக்கும். பெயின்டில் கலக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் அதைச் சட்டை செய்யாது, ஆஸ்துமாவையே கொண்டுவந்துவிடும்.

சட்டம் சும்மா இருக்குமா? இருக்கும்.

மின்சாரம் ஓடும் பட்டறையில் 10 பேராவது வேலை பார்த்தால்தான் எட்டிப் பார்ப்பேன் என்றது 1948-இன் தொழிற்சாலைச் சட்டம். 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. முதலாளி, பெயின்டர், இரண்டு ஹெல்பர்: இந்த நாலு ஜோடி நுரையீரல் கணக்கில் வராது.

கழிவுக்கு விதி உண்டு: பழைய ஆயிலும் பெயின்ட் கசடும் 2016-இன் அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் வருபவை. பட்டறையிலோ முன்னது துருப்பிடிக்காமலிருக்க வண்டியின் அடியில் பூசப்படும். பின்னது வாசல் மண்ணுக்கு. மழை பெய்தால் இரண்டும் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாயும், தண்ணீர்த் தீர்வை கட்டாமலே.